கேம் மாற்றுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்

2008 மாடல் கார்வெட்டுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த எல்எஸ்3 என்ஜின் 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர், பதினாறு வால்வு. அத்தனையையும் திறந்து மூட, லோப் எனும் மேடுகள் கொண்ட ஒரே ஒரு சுழலும் தண்டு, கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்)தான். அதுவும் சிலிண்டர் ஹெட்டில் இல்லை; பிளாக்குக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே படுத்திருக்கிறது. அங்கிருந்து லோப் மீது ஏறி இறங்கும் லிஃப்டர், அதன் மேல் நிற்கும் கம்பியான புஷ்ராடு, சீசா பலகை போன்ற ராக்கர் ஆர்ம் என்று வரிசையாகத் தள்ளித்தான் வால்வு திறக்கிறது. இந்த ஒற்றைத் தண்டை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் என்ஜினின் குணமே மாறிவிடும். அமெரிக்காவில் பவர் கூட்ட நினைப்பவர்கள் இந்த வகை என்ஜினில் கேம் மாற்றுவதை இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

கேம்ஷாஃப்டை விற்பவர் தரும் தாளில் சில எண்கள் இருக்கும். எல்எஸ்3-யோடு வரும் கம்பெனி கேமை எடுத்துக்கொள்வோம். டியூரேஷன், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு 204 டிகிரி, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்டுக்கு 211. லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் தூரம், இன்டேக்கில் 14 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் 13.3. இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணம் 117 டிகிரி. டியூரேஷன் என்பது வால்வு திறந்திருக்கும் நேரம், ஆனால் அதைக் கிராங்க் சுழலும் டிகிரியில் சொல்கிறார்கள். லிஃப்டர் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. உயர்ந்ததிலிருந்து மறுபடி அதே உயரத்துக்கு இறங்கும் வரை உள்ள கணக்கு இது. சில கம்பெனிகள் லிஃப்டர் அசையத் தொடங்கியதுமே எண்ண ஆரம்பித்து, 260, 280 என்று பெரிய எண்ணைப் போடுவார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

டியூரேஷனைக் கூட்டினால் ஏன் பவர் கூடுகிறது? இன்டேக் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். 230 டிகிரி டியூரேஷன் உள்ள இன்டேக் லோபின் உச்சி, பிஸ்டன் மேல்முனையில் இருந்ததிலிருந்து 110 டிகிரி தள்ளி விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 45 டிகிரி வந்த பிறகுதான் மூடும். 6,000 ஆர்.பி.எம்.மில் காற்று ஓடிவரும் வேகமே அதை உள்ளே திணிக்கிறது. பிஸ்டன் மேலே வந்தாலும் காற்று நுழைந்துகொண்டிருக்கும். 1,500 ஆர்.பி.எம்.மில் அந்த வேகம் இல்லை. அப்போது பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். ஆக, மேலே கிடைக்கும் பவருக்குக் கீழே பிக்கப்பைக் கொடுக்கிறோம். இந்தப் பேரத்தைத் தவிர்க்கும் கேம் கிடையாது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது ஓவர்லேப், எக்ஸாஸ்ட் மூடும் முன்பே இன்டேக் திறந்துவிடும் நேரம். இரண்டு டியூரேஷன்களையும் கூட்டி நான்கால் வகுத்து, லோப் கோணத்தைக் கழித்து, இரண்டால் பெருக்கினால் வரும். கம்பெனி கேமுக்கு மைனஸ் 26.5 டிகிரி; அதாவது அந்த 0.050 அங்குலக் கணக்கில் ஓவர்லேப்பே இல்லை. இன்டேக் 230, எக்ஸாஸ்ட் 236, கோணம் 112 என்று ஒரு கேம் போட்டால் பிளஸ் 9. கார் நின்றபடி என்ஜின் ஓடும் ஐடிலிங்கில், காற்றுவழிக் கதவான த்ராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் பக்கம் வெற்றிடம்; எரிந்த புகை அந்தப் பக்கம் இழுக்கப்பட்டுப் புதுக் கலவையோடு கலந்துவிடும். சில சிலிண்டர் சரியாகப் பற்றும், சில சரியாகப் பற்றாது. சிவப்பு விளக்கில் நிற்கும் காரில் கேட்கும் அந்தத் தடதடப்பு இதுதான். அந்தச் சத்தத்துக்காகவே கேம் வாங்குகிறவர்கள் ஏராளம். என் பார்வையில் அது காசு கொடுத்து மோசமான எரிப்பை வாங்குவது. ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

சரி, வால்வை மூடும் ஸ்பிரிங்குக்கு வருவோம். 6,600 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 55 முறை திறந்து மூடுகிறது. கம்பெனி கேமிலேயே 14 மி.மீ. திறந்து திரும்ப 5 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகமான நேரம்தான். திறப்பது கேமின் வேலை. மூடுவது முழுக்க ஸ்பிரிங்கின் வேலை. லோபின் சரிவில் லிஃப்டரை ஒட்டியே இறக்கும் அளவுக்கு ஸ்பிரிங்குக்கு வலு இல்லையென்றால், வால்வு காற்றில் மிதக்கும், இருக்கையில் விழுந்து துள்ளும், கடைசியில் பிஸ்டனைச் சந்திக்கும். பிறகு என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். புதிய கேமில் லிஃப்ட் 15.5 மி.மீ. என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. குறைந்தது 1.5 மி.மீ. இடைவெளி விட்டு வைப்பது வழக்கம். எனவே கேம் கம்பெனி அந்த லோப் வடிவத்துக்கென்று சொல்லும் ஸ்பிரிங்கையே வாங்குவது உத்தமம். லிஃப்ட் ஒன்றாக இருந்தாலும் லோபின் சரிவு செங்குத்தானால் வேறு ஸ்பிரிங் தேவைப்படும்.

ஸ்பிரிங் இறுக்கமானால் சுமை மற்ற பாகங்களுக்குப் போகிறது. எல்எஸ்3-யின் ராக்கர் விகிதம் 1.7; புஷ்ராடு நகரும் தூரத்தைப் போல் 1.7 மடங்கு வால்வு நகரும். ராக்கரின் புஷ்ராடு பக்கம், ஸ்பிரிங் விசையின் 1.7 மடங்கு தாங்க வேண்டும். மெல்லிய புஷ்ராடு வளைந்து நிமிர்ந்தால் லோபில் வெட்டிய வடிவம் வால்வுக்குப் போய்ச் சேராது. அதனால் தடித்த சுவருள்ள குரோமோலி (வலுவான கலப்பு எஃகு) புஷ்ராடு போடுவார்கள். எடை கூடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். வால்வுப் பக்கம்தான் அதிக தூரம் போகிறது, எடையைக் குறைக்க வேண்டியது அங்கே. புஷ்ராடுக்கு விறைப்புதான் முக்கியம். நீளத்தையும் அளந்தே வாங்க வேண்டும். லோபின் மேடில்லாத வட்டப் பகுதி, அதாவது அடிவட்டம், சிறியதாக வெட்டப்பட்டிருந்தால் பழைய நீளம் பொருந்தாது. ராக்கருக்குள் இருக்கும் சிறு ஊசி பேரிங்குகள் கூண்டில்லாதவை. நாளடைவில் நழுவி எண்ணெயில் விழுந்த சம்பவங்கள் உண்டு. அதற்கு மாற்று செட் விற்கிறார்கள், ஹெட் மூடியைக் கழற்றியிருக்கும்போதே போட்டுவிடலாம்.

லிஃப்ட் கூடினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உச்ச லிஃப்டின்போது பிஸ்டன் வெகு கீழே இருக்கும். இரண்டும் நெருங்கி வருவது பிஸ்டன் மேல்முனையின் முன்பின் பத்து டிகிரியில், ஓவர்லேப் நேரத்தில். ஆகவே ஆபத்தை முடிவு செய்வது டியூரேஷனும் லோப் கோணமும்தான். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, என்ஜினைக் கையால் சுற்றி, பதிந்த தடிமனை அளப்பது பழைய முறை. இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி.

லிஃப்டர் விஷயத்தில் எல்எஸ் என்ஜின் கொஞ்சம் தயவு காட்டுகிறது. லிஃப்டர்கள் பிளாஸ்டிக் தட்டுகளில் உட்கார்ந்திருப்பதால், புஷ்ராடுகளை உருவிவிட்டு கேமைச் சில சுற்று சுற்றினால் அவை மேலே போய்த் தட்டிலேயே ஒட்டி நிற்கும். ஹெட்டைக் கழற்றாமலே கேமை முன்பக்கமாக உருவிவிடலாம். ஆனால் 2010 கமாரோ எஸ்எஸ் ஆட்டோமேட்டிக்கில் வந்த எல்99 என்ஜினில் இது பலிக்காது. அதில் சுமை குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் விசேஷ லிஃப்டர்கள் உண்டு. பெரிய கேம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சாதாரண லிஃப்டராக மாற்றிவிடுவார்கள். அதற்கு ஹெட்டைத் தூக்கியாக வேண்டும், புது கேஸ்கெட், ஒரே முறை பயன்படும் ஹெட் போல்ட் என்று செலவு எகிறும்.

டைமிங் செயினுக்காக ஆயில் பம்பைக் கழற்றும்போது, உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையத்தைப் புதிதாக, சரியான அளவில் போடுங்கள். அது நசுங்கினால் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும், ஆயில் பிரஷர் விழும்.

என்ஜினுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் 3,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் பிடிப்பதாக இல்லாவிட்டால் பெரிய கேம் வீண். பிரேக்குக்குத் துணை நிற்கும் இன்டேக் வெற்றிடம் குறைவதால் பிரேக் பெடல் கெட்டியாகலாம். கம்ப்யூட்டரில் ஐடிலிங் வேகம், எரிபொருள், இக்னிஷன் மூன்றையும் திருத்தி எழுத வேண்டும். கலிஃபோர்னியாவில் ரோட்டில் ஓட்டும் காருக்கு, மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை பெற்ற கேமைத்தான் போட முடியும். ஓவர்லேப் அதிகமான கேம்களுக்கு அது கிடைப்பது கடினம். எனவே அங்கே குடியிருப்பவர் முதலில் பார்ப்பது அந்த ஆணைப் பட்டியலை, டியூரேஷனை அப்புறம்.