மஜ்ஜைப் பரிசோதனைக்குத் தேதி குறித்துவிட்டார்களா?

கழுத்தில் இருந்த நெறிகட்டியை எடுத்துச் சோதித்து, லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், என்று முடிவும் வந்துவிட்டது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், "இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார் டாக்டர். என் எதிரே அமர்ந்திருப்பவர்கள் அந்த நேரத்தில் முதலில் கேட்பது பெரும்பாலும் வலியைப் பற்றியல்ல. "நோய் இன்னதென்றுதான் தெரிந்துவிட்டதே, மறுபடியும் எதற்குக் குத்த வேண்டும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. இரத்தநோய் மருத்துவராக நான் சொல்வது, அதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள் என்பதுதான். இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே கேளுங்கள்: "மஜ்ஜையில் நோய் இருந்தால் ஒரு சிகிச்சை, இல்லாவிட்டால் வேறு சிகிச்சையா? இரண்டுக்கும் ஒன்றேதானா?" இதற்குத் தெளிவான பதில் கிடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். சிலருக்குப் பரிசோதனையே தேவைப்படாமலும் போகலாம்.

நெறிகட்டியில் செய்த சோதனை நோயின் பெயரையும் வகையையும் சொல்கிறது. நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுவில் தொடங்கும் நோய் இது. அந்த அணுக்கள் நெறிகள், மண்ணீரல், இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை, இரத்தம் என்று இயல்பாகவே எங்கும் சுற்றி வருபவை. அதனால் மஜ்ஜையிலும் நோய் இருக்க வாய்ப்புண்டு. "ஹீமோகுளோபின், பிளேட்லெட் எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று சிலர் வாதிடுவார்கள். இரத்த எண்ணிக்கைகள் ஒழுங்காக இருக்கும்போதே மஜ்ஜையில் அங்கங்கே நோய் ஒட்டியிருப்பதைப் பலமுறை பார்க்கிறோம்.

முன்பெல்லாம் லிம்ஃபோமா என்றாலே ஏறக்குறைய எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்தோம். நோயுள்ள இடங்களை ஒளிரச் செய்து காட்டும் பெட்-சிடி ஸ்கேன் பரவலான பிறகு நிலைமை மாறியது. லிம்ஃபோமா எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணிப்பதற்காக 2014-இல் வெளியான லுகானோ வகைப்பாட்டின்படி, ஹாட்ஜ்கின் என்ற வகை லிம்ஃபோமாவில் பெட்-சிடி எடுத்திருந்தால் வழக்கமாக மஜ்ஜைப் பயாப்ஸி (மஜ்ஜையை எடுத்துச் சோதிப்பது) தேவையில்லை. வேகமாக வளரும் பெரிய பி-செல் வகையில், ஸ்கேனில் மஜ்ஜை தெளிவாக ஒளிர்ந்தால் அதுவே போதுமான சான்று. ஒளிராதபோது, மறைந்திருக்கும் நோயைக் கண்டுபிடிப்பதால் சிகிச்சை மாறும் என்றால்தான் பயாப்ஸி.

ஃபாலிகுலர் போன்ற மெதுவாக வளரும் வகைகளில் கதை வேறு. அவை மஜ்ஜையில் கொஞ்சமாகப் பரவியிருந்தால் ஸ்கேன் கோட்டை விட்டுவிடும். ஓரிடத்தில் மட்டும்தான் நோய் என்று நம்பி, அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்து முடித்துவிடலாம் என்று திட்டமிடும்போது மஜ்ஜையைப் பார்க்காமல் இறங்குவது சரியல்ல. வால்டன்ஸ்ட்ராம் வகையில் நோயின் இருப்பிடமே பெரும்பாலும் மஜ்ஜைதான். அங்கே நோயை உறுதிப்படுத்துவதே இந்தப் பரிசோதனை. ஆகவே பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு எடுக்காமல் உங்களுக்கு மட்டும் எடுத்தால், உங்கள் நோய் முற்றியது என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. வகை வேறு, அவ்வளவுதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடுகிறேன். இது முதுகுத்தண்டில் போடும் ஊசி அல்ல. இடுப்புக்குப் பின்புறம், நடுமுதுகிலிருந்து விலகி, இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் தட்டுப்படுகிறதே ஒரு மேடு, அந்த இடுப்பெலும்பின் விளிம்பில்தான் எடுக்கிறோம். தண்டுவடம் அந்தப் பக்கமே இல்லை. கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ சொல்லக் கேட்டு நடுங்கிக்கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எடுப்பது சில மில்லி திரவமும் ஒரு சிறு எலும்புத் துண்டும்தான். உடல் அதை ஈடுகட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்பதை வரிசையாகவே சொல்கிறேன். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை வயிற்றை நோக்கி மடித்துக்கொள்ளச் சொல்வார்கள். சில இடங்களில் குப்புறப் படுக்க வைப்பார்கள். டாக்டரின் கட்டைவிரல் எலும்பின் மேட்டைத் தேடி அழுத்தும். உடல் பருமனானவர்களுக்கு இதற்கே சற்று நேரம் பிடிக்கும். கிருமிநாசினி சில்லென்று படும். பிறகு மரத்துப்போவதற்கான லிக்னோகெயின் ஊசி. இது முதலில் சுருக்கென்று எரியும். தோலோடு நிறுத்தாமல், எலும்பை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு வரைக்கும் அந்த மருந்து இறங்க வேண்டும். ஊசி குத்தும்போது வலி அதிகம் தெரிவது அந்தச் சவ்வில்தான். மருந்து ஊற இரண்டு மூன்று நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கூட்டம் நிறைந்த நாளில் அவசரப்பட்டு இந்தக் காத்திருப்பைக் குறைப்பதில்தான் தேவையற்ற வலி வருகிறது என்பது என் எண்ணம். கூராகத் தெரிந்தால், "இன்னும் மரக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லுங்கள். கூடுதலாக மருந்து போட இடமுண்டு.

அடுத்து உறிஞ்சி எடுக்கும் கட்டம். ஊசி எலும்புக்குள் போகும்போது வலியைவிட அழுத்தம்தான் தெரியும். யாரோ முட்டியால் நெருக்குவதாக உணர்வார்கள். சிரிஞ்சை இழுக்கும் அந்தச் சில விநாடிகள் மட்டும் வேறு. எலும்புக்குள்ளே மரப்பு மருந்து எட்டாது. ஆகையால் தொடை வரைக்கும் வெடுக்கென்று ஓர் இழுப்பு ஓடும். இதை மறைத்துப் பயனில்லை. இழுப்பதற்கு முன் நான் சொல்லிவிடுவேன், அவர்களை வாய்விட்டு எண்ணச் சொல்வேன். பெரும்பாலும் பத்தை எட்டுவதற்குள் முடிந்துவிடும். உடனே பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் அந்தச் சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். வெறும் இரத்தமாக வழிந்தால் போதாது. இடையே வெளிறிய சிறு மஜ்ஜைத் துணுக்குகள் தெரிய வேண்டும். "துணுக்கு இருக்கிறது டாக்டர்" என்ற குரல் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்று பொருள்.

சில சமயம் எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. உள்ளே நார்த்திசு அதிகமாக இருந்தாலோ அணுக்கள் நெருக்கமாக அடைந்திருந்தாலோ இப்படி ஆகும். மஜ்ஜை வற்றிப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

கடைசியாக எலும்புத் துண்டு. லிம்ஃபோமாவில் இதுதான் முக்கியம். இந்த நோய் மஜ்ஜையில் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக, சில வகைகளில் எலும்புச் சுவரை ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கும். உறிஞ்சிய திரவத்தில் அது வராமலே போகலாம். எனவே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாவது துண்டு வேண்டும். தடிமன் பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி அளவுதான். இதற்குப் பயன்படும் ஊசியை 1970-களின் தொடக்கத்தில் கோஸ்ரோ ஜம்ஷீதி என்ற மருத்துவர் வடிவமைத்தார். முனை சற்றுக் குறுகியிருப்பதால் துண்டு நசுங்காமல் உள்ளே ஏறிக்கொள்ளும். கைப்பிடியோடு பார்க்கும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். அதனால்தான் உங்கள் முதுகுப் பக்கமாக வைக்கிறோம், திரும்பிப் பார்க்காதீர்கள். அதைத் திருகித் திருகி இறக்கும்போது மந்தமான அழுத்தமும், சிலருக்கு ஆழமான வலியும் தெரியும். படுத்ததிலிருந்து கட்டுப் போடும் வரை எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஆகலாம். ஊசி எலும்பில் இருப்பது அதில் சில நிமிடங்களே.

இங்கே உறவினர்களிடம் ஒரு வார்த்தை. "ஒன்றுமே இல்லை, சும்மா ஓர் ஊசிதான், வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி அழைத்து வருகிறீர்கள். அந்த முதல் இழுப்பிலேயே உங்கள் சொல் பொய்யாகிவிடுகிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நடக்கப்போகும் சிகிச்சையில் நீங்கள் சொல்லும் எதையும் அவர் முழுமனதாக நம்பமாட்டார். "சில விநாடி நன்றாக வலிக்கும், பிறகு சரியாகிவிடும்" என்பது உண்மை. அதைச் சொல்லுங்கள். நோயாளியே தைரியமாக எழுந்து வந்த பிறகு, துணைக்கு வந்தவர் மயங்கி விழுந்து அவருக்குக் கட்டில் தேடிய அனுபவமும் எங்களுக்கு உண்டு.

வலியை நினைத்தாலே படபடப்பு வருகிறது என்றால் லேசான மயக்க ஊசி கேட்கலாம். அது எல்லா இடத்திலும் வழக்கமில்லை. கேட்டால்தான் தெரியும், தேதி குறிக்கும்போதே கேளுங்கள். மயக்க ஊசி உண்டென்றால் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள், அன்று வண்டி ஓட்டக் கூடாது. மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. குழந்தைகளுக்குப் பொதுவாக மயக்கம் கொடுத்தே செய்கிறார்கள்.

வருவதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டியவை: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபாரின், அபிக்சபான் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் எதையாவது சாப்பிடுகிறீர்களா, முன்பு பல் பிடுங்கியபோது போட்ட மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா, எளிதில் இரத்தம் நிற்காத குடும்ப வரலாறு உண்டா. மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தன்னிஷ்டத்துக்கு மாத்திரையை நிறுத்துவது, இந்தப் பயாப்ஸியைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. பிளேட்லெட் குறைவாக இருப்பது மட்டுமே இதற்குத் தடையாகாது. கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்போம்.

பெரிய சிக்கல்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. வந்தால் அது பெரும்பாலும் இரத்தக்கசிவுதான். முடிந்ததும் கால் மணி, அரை மணி நேரம் அந்த இடம் அழுந்தும்படி மல்லாந்து படுத்திருங்கள். ஒரு நாள் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் அடிபட்டதுபோல வலிக்கும், பாரசிட்டமால் போதும். கட்டு நனையும் அளவுக்கு இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, கால் மரத்தாலோ மருத்துவமனையை அழையுங்கள்.

முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள்தான் ஊசியைவிடக் கொடியவை என்று பலர் சொல்கிறார்கள். திரவத்தின் முதல் பார்வை ஓரிரு நாளில் வந்துவிடலாம். எலும்புத் துண்டின் சுண்ணாம்பை நீக்கி மென்மையாக்கிய பிறகுதான் அதை மெல்லிய சீவல்களாக வெட்ட முடியும். அதன் மேல் தனிச் சாயச் சோதனைகளும் தேவைப்பட்டால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று கணக்குப் போடாதீர்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இணையத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடவும் வேண்டாம். வயதானவர்களின் மஜ்ஜையில் நோயே இல்லாமல் லிம்ஃபோசைட்டுகள் சிறு கூட்டமாகத் தங்கியிருப்பது சகஜம். அதையும் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள்.

மஜ்ஜையில் நோய் இருந்தால் நான்காம் நிலை என்று எழுதுவோம். இந்த நான்கு என்ற எண்தான் குடும்பத்தையே நிலைகுலைய வைக்கிறது. நுரையீரலிலோ குடலிலோ தோன்றிய கட்டி எலும்புக்குப் பரவியதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. லிம்ஃபோமாவுக்குக் கொடுக்கும் மருந்துகள் இரத்தத்தின் வழியாக மஜ்ஜைக்கும் போய்ச் சேர்கின்றன. நான்காம் நிலை ஹாட்ஜ்கினிலிருந்து முழுதாகக் குணமானவர்கள் ஏராளம். ஃபாலிகுலர் வகையில் மஜ்ஜையில் நோய் இருந்தும், தொந்தரவு ஏதும் இல்லாததால் மருந்தே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் மட்டும் வைத்திருப்பவர்கள் உண்டு.

தொடக்கத்தில் மஜ்ஜையில் நோய் இருந்தவர்களுக்கு, சிகிச்சை முடிந்ததும் அது நீங்கிவிட்டதா என்று உறுதிசெய்ய இன்னொரு முறை எடுக்க நேரலாம். அப்போது முதல் அனுபவத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் எடுத்தார்கள், மரப்பு மருந்து போதுமானதாக இருந்ததா, எந்தக் கட்டத்தில் தாங்க முடியவில்லை என்று. மருந்தின் அளவையும், மயக்கம் வேண்டுமா என்பதையும் அதை வைத்துத்தான் தீர்மானிப்போம்.