‘கேங்’ என்பது கும்பலா, குழுவா?

சிகாகோ நகரின் லிங்கன் பார்க் பகுதியைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்று சென்ற மாதம் திருத்தத்துக்கு வந்தது. ‘யங் லார்ட்ஸ் என்னும் குண்டர் கும்பல் தேவாலயத்தைக் கைப்பற்றியது’ என்று ஒரு வரி. அடுத்த பத்தியிலேயே ‘அக்கும்பல் அங்கே குழந்தைகள் காப்பகமும் இலவச மருத்துவ நிலையமும் நடத்தியது’ என்று இன்னொரு வரி. தகவல் இரண்டும் சரிதான். ஆங்கிலத்தில் ‘கேங்’ (gang) என்று கண்ட இடமெல்லாம் ‘கும்பல்’ என்று போடும் பழக்கம்தான் படிப்பவரைக் குழப்புகிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘கேங்’ என்றால் நடை, பயணம். சேர்ந்து செல்வோர், சேர்ந்து உழைப்போர் என்று பொருள் விரிந்து, பிறகே தீயோர் கூட்டத்துக்கும் ஆயிற்று. கடப்பாரையும் சம்மட்டியுமாக ரயில் பாதையில் நடக்கும் நம் கேங்மேன் அந்தப் பழம்பொருளைத்தான் இன்றும் சுமக்கிறார்.

கும்பல் என்பது குவிந்து நிற்பது. விபத்து நடந்த இடத்தில் கூடும். போலீஸ் வண்டியைக் கண்டால் கலையும். அதற்குப் பெயரும் கிடையாது, எல்லையும் கிடையாது. ‘கும்பல் படுகொலை’ என்று வெறிக்கூட்டத்தின் செயலுக்கு நாளிதழ்கள் அச்சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டும் விட்டன. தெருவில் உருவாகும் கேங்கோ ஆண்டுக்கணக்கில் நிலைப்பது. 1927இல் சிகாகோவின் 1,313 கேங்குகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்ட சமூகவியலாளர் ஃபிரெடெரிக் திராஷர், தானாகச் சேர்ந்து மோதலால் இறுகுவது, ஓரிடத்தைத் தனதென்று பற்றிக்கொள்வது என்றே அதை வரையறுத்தார். அந்த வரையறையில் குற்றத்துக்கு இடமில்லை. 1960ஐ ஒட்டி, வெள்ளையர் கேங்குகளின் அடியைச் சமாளிக்கப் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் சேர்ந்ததே யங் லார்ட்ஸ். நகரச் சீரமைப்பின் பெயரால் தம் மக்கள் வீடிழப்பதைக் கண்ட அதன் தலைவர் ஹோசே ஹிமேனெஸ், 1968 செப்டம்பர் 23 அன்று அதை உரிமை இயக்கமாக மாற்றினார். ஆர்மிட்டேஜ் தெருத் தேவாலயம் அவர்கள் கைக்கு வந்தது அதற்கு மறு ஆண்டு.

‘குண்டர்’ என்ற அடைமொழி இன்னும் மோசம். தேவாரத்தில் சமணரை ஏசப் பயன்பட்ட சொல் அது. இன்றைய பொருளோ வடக்கிலிருந்து வந்தது. மலேசியத் தமிழ் இதழ்களில் ‘குண்டர் கும்பல்’ நிலைத்துவிட்டது. காவல்துறைச் செய்திக்கு அது பொருந்தவும் கூடும். வரலாற்றில் அப்படி எழுதுவது விசாரணைக்கு முன்பே தீர்ப்பை வாசிப்பதாகும். ‘கோஷ்டி’யும் உதவாது. அது வடசொல் என்பதை விட்டாலும், ஒரு கட்சிக்குள் பிரிந்து நிற்பவர்களையே இன்று குறிக்கிறது.

ஆகவே ‘கேங்’குக்குக் ‘குழு’வே சரி என்பேன். ‘குழு’ என்றால் கமிட்டி என்று படிப்பவர் நினைப்பாரே என்பார்கள். ‘தெருக்குழு’ என்று எழுதினால் யாரும் அறிக்கை தாக்கல் செய்யும் குழுவை நினைக்கப் போவதில்லை. அதைவிட வலுவான சான்று நன்னூலிலேயே உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறி எனப் பள்ளியில் படித்தோமே! வெளியாருக்கு விளங்காத சொல்லும் அடையாளமும் தமக்குள் வைத்திருப்போர் குழுவினர். சிகாகோத் தெருவில் சட்டையின் நிறத்தாலும் கைச்சைகையாலும் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடிப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. நிகண்டுகளைப் புரட்டிக் ‘குழாம்’ என்பவர்களுக்கும் இதுவே பதில்.

கட்டுரை முழுவதும் ‘தெருக்குழு’ என்று திருத்தி, காரணத்தையும் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது அது ‘தெருக்கும்பல்’ ஆகியிருந்தது.