ஓபரா கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஆரியா எது, ரெசிடடீவோ எது?

என்னிடம் குரல் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் ஓபராவை, அதாவது மேற்கத்திய இசை நாடகத்தை, ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே அணைத்தவர்கள். ஒன்றும் புரியவில்லை, போதாக்குறைக்கு ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்பார்கள். இதற்காக இத்தாலிய மொழி படிக்க வேண்டியதில்லை. ரெசிடடீவோ, ஆரியா, இந்த இரண்டும் பிடிபட்டாலே போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ரெசிடடீவோ என்பது பேச்சின் வேகத்தில், பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு பாடுவது. யார் வந்தார், யார் ஏமாற்றினார், கடிதத்தில் என்ன இருந்தது என்று கதை நகர்வதெல்லாம் பெரும்பாலும் இதில்தான். ஆரியா, அதாவது மனதில் இருப்பதைக் கொட்டிப் பாடும் தனிப்பாட்டு, வந்துவிட்டால் கதை நின்றுவிடும், ஒரே ஆள் சில வரிகளையே திரும்பத் திரும்பப் பாடுவார். சொன்னதையே சொல்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதீர்கள், காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடமே அதுதான்.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தியின் 'லா த்ராவியாத்தா' ஓபராவை எடுத்துக்கொள்ளுங்கள், 1853இல் வெனிஸ் நகரின் லா ஃபெனீச்சே அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. முழுவதும் வேண்டாம், முதல் அங்கத்தின் கடைசிப் பகுதி மட்டும். விருந்தாளிகள் போனபின் கதாநாயகி வியொலெத்தா தனியாக நிற்கிறாள். "விசித்திரமாக இருக்கிறதே" என்று அவள் தொடங்கும்போது ஆர்க்கெஸ்ட்ரா அநேகமாக ஒதுங்கியே இருக்கும், இது ரெசிடடீவோ. அப்புறம் தன்னைக் காதலிக்கும் ஆல்ஃப்ரெதோவை நினைத்து மெதுவாகப் பாடுவது ஆரியாவின் முதல் பகுதி, அதற்குக் கான்தாபிலே என்று பெயர். திடீரென்று "பைத்தியக்காரத்தனம்!" என்று தன்னையே உலுக்கிக்கொண்டு, எப்போதும் சுதந்திரமாகத்தான் இருப்பேன் என்று வேகமெடுக்கிறாளே, அந்த முடிவுப் பகுதிக்குக் கபலெத்தா என்று பெயர். ஒரே அசையில் சுரங்கள் சரசரவென ஓடும், அது கொலொரதூரா. நடுவில் வெளியிலிருந்து ஆல்ஃப்ரெதோவின் குரல் கேட்கும், அவள் ஒரு கணம் தடுமாறிவிட்டு முன்னைவிட வேகமாகப் பாடுவாள். காதல் வேண்டாம் என்று தன்னையே நம்பவைக்கப் பாடுகிறாள் என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

வியொலெத்தா சொப்ரானோ, பெண் குரல்களில் உச்சம். காதலன் ஆல்ஃப்ரெதோ டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல்; அவர்களைப் பிரிக்க வரும் அவனுடைய அப்பா பாரிடோன், அதைவிடத் தாழ்ந்த ஆண் குரல். வெர்தியிடம் இந்த மூவர் அமைப்பு அடிக்கடி வரும். லிப்ரெத்தோ, அதாவது ஓபராவின் வசனப் பிரதியை, மொழிபெயர்ப்பில் ஒரு தடவை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

சரி, கத்தல் விஷயம். அது கத்தல் இல்லை. மைக் இல்லாமல் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல் அது. ஒலியின் உயரத்தை ஹெர்ட்ஸில் அளப்பார்கள், எண் கூடினால் ஒலி உயரும்; ஆர்க்கெஸ்ட்ராவின் வலு 500 ஹெர்ட்ஸ் வாக்கில் அதிகம். பயிற்சி பெற்ற குரல், குறிப்பாக ஆண் குரல், தொண்டையின் உள்வடிவத்தை மாற்றி 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் கூடுதல் ஒலிப்பைப் பெறுகிறது. நம் காதும் அந்தப் பகுதியில்தான் கூர்மை, அதனால் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் குரல் கேட்கிறது. இது தெரியாமல் வீடியோவைப் பார்த்து வீட்டில் தொண்டையை இறுக்கிப் பாடிக் குரல் கம்மி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. வலித்தால் உடனே நிறுத்துங்கள், கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.