வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டு கட்டாயம்: மிச்சிகன் சட்டம் என்ன சொல்கிறது?

மிச்சிகன் மாநிலத்தில் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர், 18 வயதுக்குட்பட்ட யாராவது அங்கே இருந்தாலோ, வந்துபோக வாய்ப்பிருந்தாலோ, அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். 2024 பிப்ரவரி 13 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ட்ராய், நோவை, கேன்டன் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கும் இதே சட்டம்தான். "எங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இல்லையே" என்று ஒதுங்கிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும் நண்பரின் மகளும், வீடியோ கேம் விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பையனும் கணக்கில் வருவார்கள்.

பூட்டுவதற்குச் சட்டம் இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, பூட்டிய பெட்டிக்குள் வைப்பது. மற்றொன்று, தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கி இயங்காதபடி அதிலேயே கேபிள் பூட்டு போன்ற ஒன்றை மாட்டுவது. அலமாரியின் மேல் தட்டும் புடவைக்கு அடியும் இதில் சேராது. ஒளித்து வைப்பது வேறு, பூட்டுவது வேறு. தீபாவளிப் பலகாரத்தை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகளுக்குத் துப்பாக்கி இருக்கும் இடம் தெரியாது என்று நம்பாதீர்கள்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பெரிய துயரங்கள் இருக்கின்றன. 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகனில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் துப்பாக்கியை நான்கு நாள் முன்புதான் அவனுடைய அப்பா வாங்கியிருந்தார். அவர் மீதான வழக்கில் அரசு வழக்கறிஞர் ஜூரி முன்னால் ஒரு கேபிள் பூட்டை எடுத்து மாட்டிக் காட்டினார். சில நொடிகளில் முடிந்துவிட்டது. அந்தச் சில நொடி வேலையை அந்த வீட்டில் யாரும் செய்யவில்லை. 2024இல் தாய், தந்தை இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைத்தது. 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று மாணவர்கள் பலியானார்கள். அதற்குப் பிறகுதான் சட்டமன்றம் வேகமாக நகர்ந்தது. அந்த ஏப்ரலில் ஆளுநர் விட்மர் கையெழுத்திட்டார்.

பூட்டாமல் வைத்த துப்பாக்கி சிறுவர் கையில் சிக்கி, அவர் அதைப் பொது இடத்துக்குக் கொண்டுபோனாலே உரிமையாளருக்கு 93 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். அது வெடித்து யாருக்காவது, அந்தச் சிறுவருக்கே ஆனாலும், காயம் பட்டால் 5 ஆண்டு வரை சிறை. படுகாயமென்றால் 10 ஆண்டு, உயிர் போனால் 15 ஆண்டு வரை. பெற்றோர் அனுமதியோடும் பெரியவர் மேற்பார்வையிலும் வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கோ சிறுவர் துப்பாக்கியைத் தொட்டால் இது பொருந்தாது. யாரோ வீட்டை உடைத்துப் புகுந்து எடுத்தாலும் அப்படித்தான்.

சரி, இதுவரை சட்டம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். செய்திகளில் வருவது பள்ளிச் சம்பவங்கள். தற்கொலைகளோ வீட்டுக்குள்ளேயே, அந்தக் குடும்பத்தோடு முடிந்துபோகின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற வேகம் பலருக்கு நாள்கணக்கில் நீடிப்பதில்லை. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அலை மாதிரி எழுந்து தணிந்துவிடுகிறது. முயற்சி செய்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் பிழைக்கும் வாய்ப்பே அநேகமாக இல்லாமல் போகிறது. பூட்டு அந்த அலை தணிவதற்கு நேரம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் ஒரு நண்பர் போன் செய்யலாம், அம்மா அறைக்கதவைத் தட்டலாம்.

அதனால்தான் சட்டம் 18 வயதோடு நின்றுவிடுவது எனக்குப் போதவில்லை. கல்லூரியில் தோற்று வீட்டுக்குத் திரும்பிய 19 வயது மகனுக்கும், வேலை போன கணவருக்கும், ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஊரிலிருந்து வந்து பனிக்காலத் தனிமையில் வாடும் மாமனாருக்கும் இந்தச் சட்டம் காவல் இல்லை. வீட்டில் யார் இருந்தாலும் பூட்டுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் தனியாகப் பூட்டுங்கள். பெட்டியின் எண்ணாகப் பிள்ளையின் பிறந்தநாளை வைக்காதீர்கள். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டாதீர்கள். பல ஊர்களில் காவல் நிலையமும் கவுன்ட்டி சுகாதாரத் துறையும் கேபிள் பூட்டை இலவசமாகவே தருகின்றன.

வீட்டில் ஒருவர் மிகவும் சோர்ந்திருந்தால், நிலைமை தெளியும்வரை துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியேற்றுவதுதான் நல்லது. எப்படி, யாரிடம் ஒப்படைப்பது என்று உள்ளூர் காவல்துறையிடம் முதலில் கேளுங்கள். சோர்ந்திருப்பவர் துப்பாக்கியைத் தர மறுத்தால் இன்னொரு சட்டம் இருக்கிறது. அதுவும் அதே 2024 பிப்ரவரி 13இல்தான் வந்தது. மனைவி, கணவர், குடும்பத்தினர், சேர்ந்து வசிப்பவர், மருத்துவர், போலீஸ் ஆகியோர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். ஆபத்து இருக்கிறது என்று நீதிபதி கருதினால், சோர்ந்திருப்பவர் ஓராண்டுக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கலாம். இப்படி மனு போடுவது அவரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

அப்புறம், பிள்ளையை வேறு வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது கேட்கக் கூச்சப்படாதீர்கள். கடலை அலர்ஜி பற்றிச் சொல்கிறோம், நாய் இருக்கிறதா என்று கேட்கிறோம். அதோடு சேர்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க, வீட்ல துப்பாக்கி ஏதாவது இருக்குங்களா? இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடலாம்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ உயிர் மேல் வெறுப்பு வந்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், மெசேஜும் அனுப்பலாம். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். ஆங்கிலம் வராத பெரியவர்கள் போன் செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.