இலைப் படத்தின் பின்பக்கம்: எண்ணெய் வழியும் முகத்துக்கு ஃபேஸ் வாஷ் வாங்கும் முன்

மற்ற தோல் நோய்களுக்காக வருபவர்கள் பழைய மருந்துச் சீட்டோடு வருவார்கள். முகப்பருவுக்காக வருபவர்கள் ஒரு பையோடு வருவார்கள். பையைத் திறந்தால் மேசையில் நாலைந்து குப்பிகள் வரிசை கட்டும். அநேகமாக எல்லாவற்றின் முகப்பிலும் பச்சை இலை. அநேகமாக எதுவும் பாதிக்கு மேல் தீர்ந்திருக்காது.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு கல்லூரி மாணவி ஆறு குப்பிகள் கொண்டுவந்திருந்தார். நெற்றி எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. மூக்கின் ஓரங்களிலும் வாயைச் சுற்றியும் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. கன்னங்களில் சிவந்த பருக்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை முகம் கழுவுவதாகச் சொன்னார்.

"எல்லாமே மூலிகைதான் டாக்டர். கடுமையான எதையும் நான் தொடுவதே இல்லை."

"கழுவி முடித்ததும் முகம் எப்படி இருக்கும்?"

"இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். அப்படி இருந்தால்தானே சுத்தமாகியிருக்கிறது என்று அர்த்தம்?"

இந்தப் பதிலைத்தான் நான் வாரத்துக்குப் பத்து முறையாவது கேட்கிறேன். இழுத்துப் பிடிப்பது சுத்தத்தின் அடையாளம் அல்ல. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. நீர் வெளியேறாமலும், எரிச்சல் தரும் பொருள்கள் உள்ளே போகாமலும் காப்பது அதுதான். சுரப்பியிலிருந்து வழியும் எண்ணெய் வேறு, இந்தப் பூச்சு வேறு. ஆனால் கடுமையான நுரைப்பொருளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் அந்த மாணவியின் முகம் ஒரே நேரத்தில் எண்ணெய் வழிவதாகவும் வறண்டதாகவும் இருந்தது.

கழுவக் கழுவ எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அதை நோயாளிகளிடம் சொல்வதில்லை. எண்ணெய்ச் சுரப்பிக்கு உத்தரவு போடுபவை முக்கியமாக ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்கள். பெண்களின் உடலிலும் இவை உண்டு. நீங்கள் முகம் கழுவினீர்களா என்று எட்டிப் பார்த்துச் சுரக்கும் ஏற்பாடு சுரப்பியிடம் இருப்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கழுவிய சில மணி நேரத்தில் எண்ணெய் திரும்ப வந்து நிற்கும். சுரப்பி பழிவாங்கவில்லை, அன்றாட வேலையைச் செய்கிறது. அடிக்கடி கழுவுவதால் வரும் தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது: தோலின் காப்பு சிதைந்தபின், பருவைக் குணப்படுத்தும் களிம்பை நான் கொடுத்தாலும் முகம் அதைத் தாங்காது. இரண்டு நாள் எரிந்ததும் களிம்பை நிறுத்திவிடுவார்கள். பரு அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகப்பரு அழுக்கினால் வருவது அல்ல. மயிர்க்காலின் துளைக்குள் உதிர வேண்டிய செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அதன் பின்னால் எண்ணெய் தேங்குகிறது. அந்த எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, அழற்சி தொடங்குகிறது. இன்று கண்ணாடியில் தெரியும் பரு, வாரக்கணக்கில் முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கியது. அரை நிமிடம் முகத்தில் இருந்துவிட்டு நீரோடு போய்விடும் ஃபேஸ் வாஷ், அந்த ஆழத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? எண்ணெயையும் வியர்வையையும் சன்ஸ்கிரீனையும் தோலுக்குக் காயமில்லாமல் எடுத்துவிட்டால், அதன் கடமை முடிந்தது. இந்த அளவு எதிர்பார்ப்போடு குப்பியை எடுத்தால், பின்பக்கத்தைப் படிப்பது எளிதாகிவிடும்.

பின்பக்கத்தில் பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் நீர். அடுத்த மூன்று நான்கு பெயர்கள்தான் அந்த ஃபேஸ் வாஷின் உண்மையான குணம். நுரையும் சுத்தமும் தருபவை அவைதான். முகப்பில் இருக்கும் இலை அநேகமாகப் பட்டியலின் வால் பகுதியில் உட்கார்ந்திருக்கும். ஒரு சதவீதத்துக்குக் குறைவான பொருள்களை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது பொது விதி. நறுமணமும் பதப்படுத்தும் பொருளும் பெரும்பாலும் அந்த ஒரு சதவீதத்துக்குள் அடங்குபவை. ஆகவே, வேப்பிலைச் சாறு நறுமணத்துக்கு அருகிலோ அதற்குப் பின்னாலோ எழுதப்பட்டிருந்தால், அது பெயருக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த முதல் சில பெயர்களில் நான் தேடுவது என்ன? சோடியம் லாரில் சல்ஃபேட் முன்வரிசையில் இருந்தால் பருவுள்ள முகத்துக்கு வேண்டாம் என்பேன். தோல் எரிச்சலை ஆராய்பவர்கள், ஆய்வுக்காக வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கப் பயன்படுத்தும் பொருள் அது. குப்பியில் இருக்கும் அளவும் நேரமும் வேறுதான். என்றாலும் ஏற்கெனவே புண்பட்ட தோலில் அந்தச் சோதனையை நடத்திப் பார்க்க அவசியமில்லை. அதன் உறவான சோடியம் லாரெத் சல்ஃபேட் சற்று சாது. கோகாமிடோபுரோபில் பீட்டைன் போன்ற துணையோடு சேர்ந்தால் இன்னும் சாதுவாகும். கோகோ குளுக்கோசைடு, டெசில் குளுக்கோசைடு, சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் ஆகிய பெயர்கள் தென்பட்டால் எனக்கு நிம்மதி. வாயில் நுழையாத பெயர்களைக் கண்டு பயந்து பலர் குப்பியைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். குளுக்கோசைடு வகைகள் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், சர்க்கரை போன்ற தாவர மூலங்களிலிருந்து தயாராகின்றன. மூலிகை வேண்டும் என்று கேட்பவர்கள் உண்மையில் விரும்பியது அங்கே இருக்கிறது. இலைப் படம் மட்டும் இல்லை.

அடுத்து பி.எச். அளவு, அதாவது ஒரு பொருள் அமிலமா காரமா என்று காட்டும் எண். ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆரோக்கியமான முகத்தோலின் மேற்பரப்பு ஐந்தை ஒட்டிய இலேசான அமிலத்தன்மை கொண்டது. வழக்கமான சோப்புக் கட்டி 9 முதல் 10 வரை போகும். மூலிகை சோப்பு, கையால் செய்த சோப்பு என்று எப்படி அழைத்தாலும், எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்தால் அது சோப்புதான், காரம்தான். குப்பியில் பி.எச். 5.5 என்று போட்டிருந்தால் நல்லது. போடாவிட்டால் நிறுவனத்திடம் கேட்பதில் தவறில்லை.

இனி மூலிகைகள். மூலிகை என்றால் மென்மை என்று ஒரு நம்பிக்கை எப்படியோ வேரூன்றிவிட்டது. அரளியும் செடிதான், எருக்கும் செடிதான். ஒரு தாவரச் சாறு தோலுக்கு என்ன செய்யும் என்பது அதிலுள்ள வேதிப்பொருளையும் அளவையும் பொறுத்தது, அது எங்கே முளைத்தது என்பதைப் பொறுத்தது அல்ல.

இவற்றில் ஓரளவு நல்ல சான்று உள்ளது டீ ட்ரீ எண்ணெய்க்கு. தேநீர் தரும் செடிக்கும் இதற்கும் உறவில்லை. இது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வேறொரு மரம். 1990இல் அங்கே 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லை, பருவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பூச்சு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, எரிச்சலும் குறைவாக இருந்தது. ஆனால் அது முகத்தில் பூசி அப்படியே விட்ட ஜெல். கழுவிவிடும் ஃபேஸ் வாஷில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. சிலர் நேர்மாறாகப் போய், சுத்தமான எண்ணெயை வாங்கி நீர்க்காமல் பருவின் மேல் வைத்துவிட்டு, ஒவ்வாமையால் வீங்கிய கன்னத்தோடு வருகிறார்கள். திறந்து வெகுநாளான, காற்றுப்பட்ட எண்ணெயில் இந்த ஒவ்வாமை வாய்ப்பு கூடுதல்.

வேம்பும் மஞ்சளும் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவையும் அழற்சியையும் எதிர்க்கின்றன. கழுவிவிடும் பொருளில் அவை பருவைக் குறைக்கும் என்று எடுத்துக்காட்டும் வலுவான சான்றை நான் பார்க்கவில்லை. இருப்பதால் பெரும்பாலோருக்குத் தொந்தரவும் இல்லை. கற்றாழையும் அப்படியே. வில்லோ மரப்பட்டைச் சாறு என்று போட்டிருந்தால் அதைப் பருவுக்கு மருந்தாகும் சாலிசிலிக் அமிலம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பட்டையில் இருப்பது சாலிசின், அது வேறு பொருள்.

நான் ஒதுக்கச் சொல்பவை வேறு: புதினாவும் மெந்தாலும் தரும் குளிர்ச்சி. அது நரம்புக்குக் காட்டும் வித்தை. தோல் ஆறிவிட்டது என்று பொருளில்லை. எலுமிச்சை, பட்டை, கிராம்பு எண்ணெய்கள் எரிச்சலூட்டுபவை. எலுமிச்சைச் சாற்றை நேராகப் பூசுவது இன்னும் மோசம், அதன் பி.எச். இரண்டை ஒட்டியது, பூசிக்கொண்டு வெயிலில் போனால் சில சமயம் கருந்தழும்பு வரும். கொட்டை ஓடுகளைப் பொடித்துச் சேர்த்த ஸ்கிரப்கள் சிவந்த பருவைக் கீறிவிடும். மணம் தூக்கலாக இருக்கும் எதையும், அது பூவிலிருந்தே வந்திருந்தாலும், நான் முகப்பருக்காரர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

பதப்படுத்தும் பொருளே இல்லை என்று பெருமையாக அச்சிட்டிருப்பதையும் பார்க்கிறேன். நீர் கலந்த குப்பியில் அது இல்லாவிட்டால் கிருமி வளரும், குளியலறையின் ஈரத்தில் இன்னும் விரைவாக. மீதைல்ஐசோதயசோலினோன் போல ஒவ்வாமைக்குப் பேர்போன ஓரிரண்டைத் தவிர்த்தால் போதும்.

முகம் கழுவும்போதே மருந்தும் வேண்டும் என்பவர்களுக்குச் சாலிசிலிக் அமிலம் 0.5 முதல் 2 சதவீதம் வரை கலந்த ஃபேஸ் வாஷ் உண்டு. அது எண்ணெயில் கரையும் அமிலம் என்பதால் துளைக்குள் ஓரளவு இறங்கும். கரும்புள்ளிகள் அதிகமாக உள்ளவர்களுக்குப் பொருந்தும். பென்சாயில் பெராக்சைடு கலந்ததும் நன்றாக வேலை செய்யும், துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் பருவுக்காக ஏற்கெனவே அடாபலீன் போன்ற களிம்பு பூசுபவரோ, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவரோ இவற்றின் மேல் கை வைக்கும் முன் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அவர்களுக்கு எந்த வீர தீரமும் இல்லாத, சாதுவான ஃபேஸ் வாஷ்தான் சரி. சலிப்பூட்டும் அளவுக்குச் சாதுவானது.

எதையும் புதிதாக வாங்கினால் முதல் நான்கைந்து நாள்கள் தாடையின் ஓரத்தில் மட்டும் வழக்கம்போலத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். கழுவிவிட வேண்டியதைத் தோலில் ஊறவைத்துச் சோதிக்காதீர்கள். நல்லதும் அப்போது எரியும். பிறகு முழு முகத்துக்குப் போகலாம். கழுவிப் பத்து நிமிடம் கழித்து, எதுவும் பூசாமல் வாயை அகலத் திறந்து பாருங்கள். கன்னம் இழுத்தால் அந்தக் குப்பி உங்களுக்கு இல்லை.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அதிகம் வியர்த்தால் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். வெதுவெதுப்பான நீர், பட்டாணி அளவு ஃபேஸ் வாஷ், விரல் நுனிகள். தூரிகையும் நாரும் தேவையில்லை. தாடையின் கீழும் முடி தொடங்கும் இடத்திலும் நுரை தங்கிவிடாமல் அலசுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு எண்ணெய் சேராத ஈரப்பதக் களிம்பு. எண்ணெய் முகத்துக்கு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எண்ணெயும் ஈரமும் ஒன்றல்ல.

எந்த ஃபேஸ் வாஷுக்கும் அடங்காதவையும் உண்டு. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் சிறு சிறு பருக்கள் வந்து அரித்தால், அது முகப்பருவாக இல்லாமல் மயிர்க்காலில் வளரும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அது கூடும். நிறத்தைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் களிம்பு எதையாவது மாதக்கணக்கில் பூசியவருக்குத் திடீரென ஒரேமாதிரிப் பருக்கள் கிளம்பினால், அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் தப்பிப்போவதோடு முகத்தில் முடியும் வளர்ந்தால் ஹார்மோன் சோதனை தேவை. தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகளும் பள்ளம் விழும் தழும்புகளும் தெரிந்தால் குப்பி மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். அந்தத் தழும்புகளைப் பின்னால் போக்குவது மிகவும் கடினம்.

அந்த மாணவியிடம் ஆறு குப்பிகளையும் ஓரமாக வைக்கச் சொன்னேன். இரண்டு வாரம் வெறும் சாதுவான ஃபேஸ் வாஷும் ஈரப்பதக் களிம்பும் மட்டும். தோல் உரிவது நின்ற பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் அடாபலீன். பத்தாவது வாரம் வந்தபோது கையில் பை இல்லை. பருக்கள் பெருமளவு அடங்கியிருந்தன, கன்னத்தில் சில பழுப்புத் தழும்புகள் மட்டும். ஆனாலும் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. நுரையே வருவதில்லை என்றார், மணமும் இல்லை என்றார், மதியமானால் நெற்றி இப்போதும் மினுங்குகிறது என்றார். நெற்றி மினுங்கத்தான் செய்யும் என்று சொல்லி, எண்ணெய் ஒற்றும் தாள் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.