மனவடு: ‘ட்ராமா’வுக்கு ஒரு தமிழ்ச் சொல்

‘ட்ராமா’ கிரேக்கச் சொல். பொருள், காயம். வெகுகாலம் அது உடற்காயத்தை மட்டுமே குறித்தது. விபத்துச் சிகிச்சைப் பிரிவை இன்றும் ‘ட்ராமா கேர்’ என்றுதான் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில், ரயில் விபத்தில் பெரிய அடி ஏதுமின்றித் தப்பியவர்கள்கூடப் பல மாதம் நடுங்குவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். சொல் மெல்ல மனத்தின் பக்கம் நகர்ந்தது. 1889-இல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

பி.டி.எஸ்.டி. (கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு) என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980-இல். அதற்குப் பத்தாண்டு முன்பே, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் நியூயார்க்கில் கூடி உட்கார்ந்து, கண்டதையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன் போன்ற மனநல மருத்துவர்கள் கூட இருந்து கேட்டார்கள். அந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அதிர்ச்சி’ போதாது; அது அந்த நேரத்தோடு முடிந்துவிடும். ‘மன உளைச்சல்’ தேர்வுக்கு முந்தைய நாள்கூட வரும். ஈழத்து உளநல எழுத்துகளில் வழங்கும் ‘மனவடு’தான் எனக்குச் சரியாகப் படுகிறது. வடு என்றால் ஆறிப்போன காயத்தின் தழும்புதானே என்று கேட்கலாம். வள்ளுவர் ஆறாததற்குத்தான் அந்தச் சொல்லை வைத்தார்:

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

புண் ஆறும், வடு ஆறாது. வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே எரிந்துகொண்டிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த ‘ஆறு’ என்ற வினையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூடு தணிவதும் ஆறுதல், புண் குணமாவதும் ஆறுதல், துக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதும் ஆறுதல். குணமாவதையும் துணை நிற்பதையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ‘மனசு விட்டுப் பேசினால் ஆறும்’ என்பது இதிலிருந்து வருவதுதான்.

ஆனால் வற்புறுத்திப் பேசவைப்பது வேறு. துயரம் நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அது கெடுதலாகவும் முடியும். எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதைச் சொல்பவரே முடிவு செய்ய வேண்டும். குழுவில் உட்கார்ந்தாலும், பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

அப்புறம், இப்படி மனவடுவோடு வாழ்பவரை எப்படி அழைப்பது? ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதில் அவருக்கு நடந்தது மட்டுமே இருக்கிறது. ‘மீண்டவர்’ என்பதில் அவர் செய்தது இருக்கிறது. அவரே வேறு சொல்லை விரும்பினால் அதுதான் சரி.

உளவள ஆலோசனைக்கு ஈழத்தில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றும் சொல்வார்கள். இந்த ‘ஆறு’ வேறு; இங்கே அதற்கு வழி என்று பொருள். சங்க காலத்து ஆற்றுப்படைப் பாட்டில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனிடம், தான் போன வழியைச் சொல்வான்: எங்கே காடு, எங்கே தங்கலாம், யார் சோறு போடுவார்கள். மீண்டவர் ஒருவர் இன்னொருவரிடம் தன் கதையைச் சொல்லும்போது நடப்பதும் இதுவே.