இழுக்காதீர்கள், எண்ணுங்கள்

ஹாலில் ஓரளவு நன்றாக நடந்து வந்தவர் பாத்ரூம் வாசலில் நின்றுவிடுகிறார். உடம்பு முன்னால் சாய்கிறது, குதிகால் மேலெழுகிறது, முழங்கால்கள் வெடவெடக்கின்றன. முன்பாதம் மட்டும் தரையை விட்டு எழ மறுக்கிறது. "என்னங்க, நின்னுட்டீங்க? காலை எடுத்து வைங்க" என்கிறார் மனைவி. இரண்டு நொடி பார்த்துவிட்டு முழங்கையைப் பிடித்து இழுக்கிறார். உடம்பு வருகிறது, கால் வருவதில்லை. பார்கின்சன் நோயில் இப்படிக் கால் உறைந்துபோகும்போது பலர் விழுகிறார்கள். சில வீடுகளில் இருவரும் சேர்ந்தே விழுகிறார்கள்.

இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. காலில் வலு போய்விட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். இரண்டும் இல்லை. நெதர்லாந்தின் நைமேகன் நகர நரம்பியல் மருத்துவர்கள் ஸ்னைடர்ஸும் ப்ளூமும் 2010இல் ஒரு நோயாளியின் வீடியோவை வெளியிட்டார்கள். வயது 58, பத்தாண்டுகளாக நோய். நடக்கச் சொன்னால் சில அடிகளிலேயே உறைந்து முன்னால் சரிகிறார். அவரையே சைக்கிளில் ஏற்றிவிட்டால் சரளமாக ஓட்டிக்கொண்டு போகிறார். இறங்கியதும் மறுபடி உறைகிறார். நம் வீடுகளிலும் இதன் சிறிய வடிவத்தைப் பார்க்கலாம்: சமதளத்தில் தடுமாறுகிறவர் மாடிப்படியில் அவ்வளவு சிரமப்படுவதில்லை.

நாம் யாரும் யோசித்து நடப்பதில்லை. எப்போது அடி வைப்பது, எவ்வளவு நீளத்துக்கு வைப்பது என்பதையெல்லாம் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற பகுதி தானாகவே ஓட்டிக்கொண்டிருக்கும். அதற்கு டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் பார்கின்சனில் அழிந்துகொண்டே வருவதால், அடியின் அளவு குறைகிறது. சிலருக்கு ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடச் சிறியதாகி, கடைசியில் நின்றேபோகிறது. வாசல், திருப்பம், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஆகிய இடங்களில் நடையின் அளவை மாற்ற வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கேதான் வருகிறது. அவசரமும் பதற்றமும் அதை மோசமாக்கும். "சீக்கிரம் வாங்க" என்பதைப் போலக் கெடுதல் செய்யும் சொல் இந்த வீட்டில் வேறில்லை.

ஆனால் கண்ணால் ஒரு குறியைப் பார்த்தோ காதால் ஒரு தாளத்தைக் கேட்டோ காலை வைப்பதற்கு, மூளை வேறு பாதைகளையும் பயன்படுத்துகிறது. அவை இந்த நோயில் ஓரளவு தப்பியிருக்கின்றன. இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967இல் எழுதிய நூலில், தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் நோயாளிகளால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்க முடிவதை விவரித்தார். நடக்கும் திசையிலேயே நீளவாட்டில் ஓடும் கோடுகளால் பயனில்லை. தாண்டுவதற்கு ஒன்று வேண்டும். மாடிப்படியின் ரகசியமும் இதுதான்.

ஆகவே வெள்ளை டைல்ஸ் தரையில் கறுப்போ சிவப்போ இன்சுலேஷன் டேப்பை, பாத்ரூம் வாசலுக்கு நாலைந்து அடி முன்னாலிருந்து உள்ளே வரை, அவருடைய ஓர் எட்டு இடைவெளியில் குறுக்கே ஒட்டலாம். ஓரம் பெயர்ந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். வாசலில் கிடக்கும் மிதியடியையும் எடுத்துவிடுங்கள். டேப் இல்லாத இடத்தில் உங்கள் பாதமே போதும்: பக்கவாட்டில் நின்று, அவர் காலுக்கு முன்னால் குறுக்கே நீட்டி, "என் காலைத் தாண்டி வாங்க" என்று சொல்லுங்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பலருக்கு வேலை செய்கிறது.

அதற்கு முன் ஒன்று உண்டு. ஒரு காலைத் தூக்க வேண்டுமானால் உடலின் எடை முதலில் மறு காலுக்குப் போக வேண்டும். உறைந்து நிற்பவரின் முழங்கால் வெடவெடப்பது, அந்த எடைமாற்றத்தை மூளை திரும்பத் திரும்பத் தொடங்கி முடிக்காமல் விடுவதன் வெளித்தோற்றம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் முதலில் நிற்கட்டும். நிமிரட்டும். இடமும் வலமுமாக மெல்ல ஆடட்டும். பிறகு நீங்கள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சீராக எண்ண, மூன்றில் ஒரு பெரிய எட்டு. வேறு பேச்சு வேண்டாம். கவனம் இரண்டாகப் பிரிந்தால் நடை குலையும். கையில் காபி டம்ளரும் வேண்டாம்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் அவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால். எதிரே நின்று இரு கைகளையும் பிடித்துப் பின்னோக்கி நடக்காதீர்கள். அவர் சரிந்தால் இருவரும் போவீர்கள். நீங்கள் அவரைப் பிடிப்பதைவிட, அவர் உங்கள் முன்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதை வீட்டில் எல்லோருமே விட்டுவிட வேண்டும். நின்ற இடத்தில் சடக்கென்று திரும்புவதுதான் அவருக்கு மிகக் கடினம். திரும்பும்போது அரைவட்டமாகச் சுற்றி நடந்து வரட்டும்.

நாற்காலியிலிருந்து எழுப்புவதிலும் இழுக்கும் வழக்கத்தை விடலாம். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்குக் குனிந்து எழட்டும். தாழ்வான சோபா இதற்கு லாயக்கில்லை. கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி வாங்குங்கள்.

நாள் முழுவதும் அவர் ஒரே மாதிரி இருப்பதில்லை. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையின் வேகம் இறங்கும் நேரங்களில் உறைதல் கூடும். பருப்பு, பால், முட்டையில் உள்ள புரதம் குடலிலும் மூளைக்குள் நுழையும் இடத்திலும் அந்த மருந்தோடு போட்டியிடும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாகக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த மணிக்கு உறைகிறது என்று ஒரு காலண்டர் தாளில் குறித்துக் காட்டினால் மாத்திரை வேளைகளை மாற்றியமைக்க டாக்டருக்கு உதவும்.

இரவில் எல்லாம் சேர்ந்துகொள்கிறது. மருந்து இறங்கியிருக்கும், படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றலாம், இருட்டில் டேப்பும் தெரியாது. தரையோரமாக ஒரு சிறிய இரவு விளக்கு எரியட்டும். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். அதுவும் முடியாத இரவுகளுக்குக் கட்டிலருகே ஒரு யூரின் கேன் வைத்துவிடுங்கள்.